இரண்டு இளவரசர்கள், ஆறு மா நிலம்

முதலில் இரண்டு தபால் உறைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டும் எங்கள் ஊர்ச் சின்னப் பண்ணை வீட்டு வாரிசு ராஜகோபால், ஊரிலிருக்கும் தன் காரியஸ்தருக்கு எழுதிய கடிதங்களின் உறைகள். பின்பக்கம் இருந்த முகவரி ஒன்றேதான். அதே தெரு, அதே கதவு எண், அந்தோரா என்ற அதே நாடு. ஆனால் ஒன்றில் பிரெஞ்சுத் தபால்தலை, மற்றதில் ஸ்பானியத் தபால்தலை. அப்பா இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு வீட்ட மாத்தல. நாட்டத்தான் மாத்திக்கிட்டே இருக்காரு" என்றார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது பாபநாசம் பக்கம் வேளாண்மை அலுவலர். பிரான்சின் தெற்குக் கோடியில் நெல் விளைகிறது, போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டு வா என்று இரண்டு மாதப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் நெல்லைப் பார்க்கப் பிரான்சுக்குப் போகிறானாம் என்று ஊரே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும் நாளில் அந்த இரண்டு உறைகளையும் என் பெட்டியில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அங்கதானே போற. அப்படியே பக்கத்துல போயி அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு."

பாபநாசத்திலிருந்து வலங்கைமான் போய்வருகிற தூரம்தான் ஐரோப்பா முழுக்க என்பது அவர் நினைப்பு.

கையெழுத்து எதற்கு என்று சொல்ல வேண்டும். குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், எங்கள் குத்தகையில் இருந்தது. அதில் பாதி ஊர்க் கோயிலுடையது, பாதி சின்னப் பண்ணையுடையது. எந்தப் பாதி யாருடையது என்று எந்தக் காலத்திலும் பிரித்ததில்லை, நடுவில் வரப்பும் கிடையாது. அதனால் பெரியவர்கள் காலத்திலேயே ஓர் ஏற்பாடு. முதல் போகம் குறுவை விளைந்தால் குத்தகை நெல் கோயிலுக்கு. அடுத்த போகம் தாளடி விளைந்தால் பண்ணைக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி மாற்றி மாற்றி அளந்திருக்கிறோம். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் யாரும் கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பிறகு சட்டம் வந்தது. உழுகிற குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதிவிட்டால் அவரைச் சும்மா வெளியேற்ற முடியாது என்றார்கள். ஆட்சி ஒரு கழகத்திடமிருந்து இன்னொரு கழகத்துக்கு மாறியது. எங்கள் மனு மட்டும் மாறாமல் அதே மேஜையில் கிடந்தது. கோயில் குமாஸ்தா, "இவரு பண்ணையோட குத்தகைதாரர், எங்களுக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தார். பண்ணைக் காரியஸ்தர், "இவரு கோயில் குத்தகைதாரர், எங்களுக்குச் சம்பந்தமில்ல" என்றார். இரண்டு எஜமானர்களுக்கு நெல் அளந்த எங்களுக்கு, ஆமாம் என்று சொல்ல ஓர் எஜமானர்கூட இல்லை.

இதற்குள், வரும் குறுவைக்கு நிலத்தைப் புதுக் குத்தகைக்கு ஏலம் விடப் போவதாகக் கோயில் சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். தாசில்தார் அப்பாவைக் கூப்பிட்டு, "ரெண்டு பேருல ஒருத்தர்கிட்ட எழுத்துல வாங்கிட்டு வாங்க. சித்திரைக்குள்ள வந்தா பாக்கலாம். வராட்டி மனு தள்ளுபடிதான்" என்றார்.

அப்பா செங்கொடிச் சங்கத்துக்காரர். அறுப்புக் கூலிக்காக இரண்டு தடவை சிறைக்குப் போனவர். சின்னப் பண்ணை வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போல இருந்தவர். அவரே அந்த வீட்டு வாரிசிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார் என்றால் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். நானும் அவரும் உட்கார்ந்து மனுவின் நகலைத் திரும்ப எழுதினோம். அம்மா இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றி, துவையல் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள்.

பயிற்சியின் நடுவில் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. அந்தோராவுக்குக் கிளம்பினேன்.

முதல் நாள் முழுக்க மலை. பங்குனி வெயிலில் ஊர் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் இங்கே சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. என்னிடம் இருந்தது ஒரு ஸ்வெட்டரும், மார்கழிக்குத் தலையில் கட்டுகிற மப்ளரும். கணவாய்க்குக் கீழே பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டத் தொடங்கினார். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் பழக்கதோஷத்தில் இறங்கி, முழங்கால் வரை பனியில் புதைந்து, ஓட்டுநரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஏறினேன். என்ன திட்டினார் என்று புரியாததால் வருத்தமில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு செம்மறி ஆட்டு வியாபாரி. இளவயதில் லண்டன் ஓட்டலில் பாத்திரம் கழுவியவராம், அதனால் ஆங்கிலம் பேசினார். நேரம் போகட்டும் என்று, "உங்கள் ராஜா யார்?" என்று கேட்டேன்.

"ராஜா இல்லை. இளவரசர்கள். இரண்டு பேர்."

"அண்ணன் தம்பியா?"

"இல்லை இல்லை. ஒருவர் ஸ்பெயினில் இருக்கிற பிஷப். இன்னொருவர் பிரான்சின் ஜனாதிபதி."

நான் சரியாகத்தான் கேட்கிறேனா என்று மப்ளரை அவிழ்த்தேன். "பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராஜாவின் தலையை வெட்டினவர்கள் அல்லவா?"

"ஆமாம், அங்கே வெட்டினார்கள். இங்கே அந்த ராஜா பார்த்த வேலையை ஜனாதிபதி பார்க்கிறார்."

"அவருக்கு நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா?"

"நாங்கள் எதற்குப் போடுகிறோம்? பிரெஞ்சுக்காரர்கள் போடுவார்கள்."

"பிஷப்புக்கு?"

"அவரைப் போப்பாண்டவர் நியமிப்பார்."

இரண்டு இளவரசர்கள். இரண்டு பேருமே வெளியூர். இரண்டு பேரையுமே இந்த மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. "அப்படியென்றால் நாட்டை யார்தான் நடத்துகிறீர்கள்?" என்றேன்.

"நாங்கள்தான்" என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டியை எடுத்தார். பாதியைப் பிய்த்து எனக்கும் கொடுத்தார். தக்காளியை ரொட்டி மேல் தேய்த்து, எண்ணெய் விட்டு, உப்புத் தூவியிருந்தார்கள். பசிக்கு அமிர்தமாக இருந்தது. விளக்கம்தான் தொண்டையில் இறங்கவில்லை.

தலைநகரம் என்பது ஒரு பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கிற ஒரே கடைத்தெரு. வரி குறைவு என்பதால் பிரான்சிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஆட்கள் வந்து கேமரா, ரேடியோ, சென்ட், சிகரெட் என்று அள்ளிக்கொண்டு போகிறார்கள். சென்னை பர்மா பஜாரைத் தூக்கிப் பனிமலைக்கு நடுவில் வைத்த மாதிரி இருந்தது. பிரெஞ்சு நோட்டை நீட்டினேன், மிச்சத்தை ஸ்பானியக் காசில் கொடுத்தார்கள். பேசுகிற பாஷை இரண்டுமே இல்லை, கத்தலான் என்று மூன்றாவதாக ஒன்று. ஓட்டல் அறையில் படுத்தபோது, நான் எந்த நாட்டில் படுத்திருக்கிறேன் என்பதே எனக்கு நிச்சயமில்லை.

இரண்டாம் நாள் காலை அந்த முகவரிக்குப் போனேன். சிந்திக்காரர் ஒருவருடைய கேமராக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கோட்டு, டை, முன்வழுக்கையோடு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு ஸ்பானிய ஜோடிக்கு லென்ஸ் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை நின்றேன்.

"வணக்கம் சார். நான் மாரிமுத்து மகன். குடமுருட்டிக் கரை ஆறு மா..."

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "வாங்க" என்றார்.

அந்தக் குடும்பத்தார் எங்கள் குடும்பத்தில் ஒருவரை 'வாங்க' என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். அதற்காகவே அத்தனை பனியில் வந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணமே, இதில் மயங்கிவிடாதே, கையெழுத்தை வாங்கு என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மனுவின் நகலை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்குக் கடையில கூட்டம். நாளைக்கு மத்தியானம் கடை சாத்தறப்ப வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்க. மேல பழைய சபை வீடுன்னு ஒண்ணு இருக்கு. அங்க ஒரு அலமாரி இருக்கும். அதப் பாத்துட்டு வாங்க."

நாலு கடல் தாண்டி வந்தவனை அலமாரி பார்க்கச் சொல்கிறாரே என்று எரிச்சலோடுதான் போனேன்.

நாட்டின் சட்டசபை என்கிறார்கள், ஆனால் ஒரு பெரிய கல்வீடு, அவ்வளவுதான். சுற்றிக் காட்டிய அம்மாள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் மலைக்கிராமங்களிலிருந்து கோவேறு கழுதையில் வந்து இங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவார்களாம். சமையற்கட்டைக் காட்டினார். கரி பிடித்த அடுப்பைப் பார்த்ததும் எனக்கு அந்த அரசாங்கத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

கதையை அவர் சொன்னபடி சொல்கிறேன். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கு யாருக்கு என்று தெற்கிலிருந்த பிஷப்புக்கும் வடக்கிலிருந்த ஒரு பிரபுவுக்கும் ஓயாத சண்டை. கடைசியில் சமாதானமாகி எழுதி வைத்துக்கொண்டார்கள். நிலத்தைப் பிரிப்பதில்லை, இரண்டு பேருக்கும் பொது. மக்கள் ஒரு வருஷம் இவருக்குக் கப்பம் கட்ட வேண்டும், மறுவருஷம் அவருக்கு. பிரபுவின் உரிமை கல்யாணம், வாரிசு என்று கைமாறிப் பிரெஞ்சு ராஜாவிடம் போனது. ராஜா போனதும் ஜனாதிபதியிடம் வந்தது. பிஷப் மட்டும் அன்றிலிருந்து பிஷப்பேதான். அவருடைய முறை வருகிற வருஷம், உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடையும் பாலாடைக்கட்டியும் உயிர்க்கோழியும் அவருக்குப் போகும்.

"இன்னுமா?" என்றேன்.

"இன்னும்."

"குறுவை கோயிலுக்கு, தாளடி பண்ணைக்கு!" என்று தமிழில் கத்திவிட்டேன். உடன் வந்த சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாளிடம் எங்கள் ஆறு மாவைப் பற்றி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். பிறகு கேட்டேன், "இந்த இரண்டு பேரில் யாராவது எப்போதாவது, 'இவர்கள் என் குடிகள் இல்லை, அவருடைய குடிகள்' என்று கைகழுவியதுண்டா?"

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எப்படிச் சொல்வார்கள்? இரண்டு பேரும், 'என் குடிகள், என் குடிகள்' என்றுதான் சண்டை போட்டார்கள். அதனால்தான் ஒருவராலும் எங்களை விழுங்க முடியவில்லை."

அதே ஏற்பாடு. அதே பிரிக்காத நிலம், அதே முறை வைத்து அளப்பது. இங்கே இரண்டு எஜமானர்கள் இருந்ததால் குடிகள் பிழைத்தார்கள். எங்களுக்கோ, இரண்டு பேர் இருப்பதாலேயே குடி முழுகப் போகிறது. எங்கே இடறினோம்?

அப்போதுதான் அலமாரியைக் காட்டினார். சுவரில் பதித்த மரக்கதவு, அதில் ஏழு பூட்டு. பழைய பத்திரங்கள் எல்லாம் உள்ளே. நாட்டில் ஏழு வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஒரு சாவி. ஏழு பேரும் வந்தால்தான் திறக்கும். முன்பு ஆறுதான், வட்டாரம் ஒன்று கூடியபோது பூட்டும் ஒன்று கூடியதாம்.

"இளவரசர்களிடம் சாவி இல்லையா?"

"அவர்களுக்கு எதற்கு? கோழி கொடுப்பது நாங்கள்தானே."

அந்தக் கதவின் முன்னால் வெகு நேரம் நின்றேன். அளந்தவர்கள் கையிலேயே எழுத்தும் இருந்திருக்கிறது. நாங்கள் முப்பது வருஷம் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வெறும் சாக்கை உதறிக்கொண்டு வந்தோம். யார் மேல் என்று தெரியாமல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து, குளிரில், ஒரு பாவமும் அறியாத கல்சுவரைச் செருப்புக்காலால் உதைத்தேன். கால்தான் வலித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ராஜகோபால் கடையைச் சாத்திவிட்டு என்னை ஒரு சின்ன உணவகத்துக்குக் கூட்டிப்போனார். உட்கார்ந்ததும், "நத்தை சாப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

சுருக்கென்றது. மழை விட்ட வயலில் நத்தை பொறுக்கிக் கொண்டுவந்து ஆக்கிச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். தஞ்சாவூர் ஹாஸ்டலில் அதற்காகவே எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். குத்திக்காட்டுகிறாரோ என்று பார்த்தேன். அவர் இரண்டு பேருக்குமாகச் சொல்லிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டார். தகரத்தட்டில் உப்போடு சுட்ட நத்தை, தொட்டுக்கொள்ளப் பூண்டு அரைத்த வெள்ளைச் சாறு. ஊசியால் குத்தி லாகவமாக இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

"எங்க வீட்ல இதோட பேரச் சொன்னாலே குளிக்கணும்பாங்க. எனக்கு முதல்ல இதக் குடுத்தது யாரு தெரியுமா? உங்க அம்மா. களத்துமேட்டுல. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அப்பாவுக்குத் தெரியாம உக்காந்து தின்னேன். மிளகு வச்சு ஆக்கியிருந்தாங்க. இவங்களுக்கு அந்தக் காரம் வரல."

அம்மா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

"எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க சார்."

"இன்னும் வயலுக்குப் போறாங்களா?"

"போவாங்க. அதான் சார், அப்பா மனுவுல..." என்று நான் பேச்சை விஷயத்துக்கு இழுத்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"மாரிமுத்து எங்க களத்துக்கு வந்து நெல்லு அளந்து நீ பாத்திருக்கியா?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதைக் கவனித்தேன். "நான் ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன் சார்."

"ம்" என்றார். ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டே, "இங்க பதினாலு வருஷமா இருக்கேன். குடியுரிமை எல்லாம் கிடையாது. வருஷா வருஷம் அனுமதி புதுப்பிக்கணும். அதுக்குக் கடை முதலாளி, 'ஆமா, இவன் என்கிட்ட வேலை பாக்கறான்'னு எழுதித் தரணும். ஒரு வருஷம் அவர் எழுதலேன்னா நான் மலையிறங்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் இறங்கறதுன்னுகூடத் தெரியாது" என்றார்.

"எழுதித் தருவாரில்ல சார்?"

"இதுவரைக்கும் தந்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் அந்தக் காகிதம் வர்ற வரைக்கும் தூக்கம் வராது." ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஊருல எனக்குன்னு மிச்சம் அந்தப் பாதி நிலந்தான். வேற எல்லாம் போச்சு. அதுல உங்க பேரு ஏறிடுச்சுன்னா..."

"நெலம் உங்க பேருலதான் சார் இருக்கும். உழுற உரிமை மட்டும்தான்..."

"தெரியும். நானும் தஞ்சாவூர் ஜில்லாதான்." எழுந்துவிட்டார். "காலையில வாங்க."

அவர் சரி என்றாரா, முடியாது என்றாரா? இரவெல்லாம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நான்காம் நாள் கடை திறந்ததும் போய் நின்றேன். ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார். தாசில்தார் முகவரி, தபால்தலை எல்லாம் தயார்.

"நேரா தாசில்தாருக்கே எழுதியிருக்கேன். இங்கயே தபால்ல போட்டுடுங்க. நீங்க கையில கொண்டுபோனா, நீங்களே எழுதிக்கிட்டதுன்னு கோயில்காரங்க சொல்லுவாங்க. இந்த ஊர் முத்திரையோட போனாத்தான் நம்புவாங்க."

"என்ன சார் எழுதியிருக்கீங்க?"

"உண்மைய எழுதியிருக்கேன். நீங்க படிக்க வேணாம். படிச்சா கோபம் வரும்." கையைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோபம் வரும் என்றால்? எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டாரா? இதே யோசனையோடு தெருவில் இறங்கி, முதலில் தென்பட்ட மஞ்சள் பெட்டியில் உறையைப் போட்டேன். ஐம்பது அடி நடந்திருப்பேன். அங்கே வேறு தினுசாக இன்னொரு பெட்டி. அப்பா பெட்டியில் வைத்த இரண்டு உறைகளும் சட்டென்று நினைவுக்கு வந்தன. இந்த நாட்டுக்கு என்று தபால் இலாகா கிடையாது. பிரான்ஸ் ஒன்றும் ஸ்பெயின் ஒன்றுமாக இரண்டு இலாகாக்கள். உறையில் இருந்தது ஸ்பானியத் தபால்தலை. போட்டது பிரெஞ்சுப் பெட்டி.

பிரெஞ்சுத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். "பெட்டி எங்களுடையதுதான். தபால்தலை எங்களுடையது இல்லையே. ஸ்பானியர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். ஸ்பானியத் தபால் நிலையத்துக்கு ஓடினேன். "தபால்தலை எங்களுடையதுதான். பெட்டி எங்களுடையது இல்லையே. பிரெஞ்சுக்காரர்களிடம் கேளுங்கள்" என்றார்கள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோயில் குமாஸ்தாவும் காரியஸ்தரும் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?" என்று நல்ல தமிழில் கத்தினேன். ஸ்பானியக் கவுன்டரில் இருந்த பெண் பயப்படவில்லை. ஒரு காகிதத்தில் கடிகாரம் வரைந்து, ஒன்றரை மணிக்கு எதிரில் இருக்கும் காபிக்கடைக்கு வரும்படி கைகாட்டினாள்.

ஒரு மணிப் பேருந்தை விட்டுவிட்டுப் போய்க் காத்திருந்தேன். ஒன்றரைக்குப் பிரெஞ்சுத் தபால்காரர் ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஸ்பானியத் தபால்காரர். இரண்டு பேர் கையிலும் ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டு. கட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். காபி சொன்னார்கள். கால்பந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

"தினமும் இப்படித்தானா?" என்று பிரெஞ்சுக்காரரைக் கேட்டேன்.

"தினமும். ஊரில் பாதிப் பேர் மாற்றித்தான் போடுகிறார்கள். அதற்காகக் கடிதத்தைத் தெருவிலா எறிய முடியும்?"

தமிழ்நாட்டு முகவரி என்பதால் என் உறை உடனே கிடைத்தது. "இதுதானே?" என்று ஸ்பானியர் அதை என் கையில் கொடுத்தார். ஈரத்தில் ஒரு மூலை ஒட்டு விட்டிருந்தது. விரலை நுழைத்தால் திறந்துவிடும்.

படித்துப் பார்க்கலாம். நமக்கு எதிராக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் எழுதித் தரவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கிழித்தாலும் மனு தள்ளுபடி, போட்டாலும் ஒருவேளை தள்ளுபடி. போட்டால் மட்டும்தான் ஒரு வழி மிச்சம். மூலையை எச்சில் தொட்டு ஒட்டி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "போடுங்கள்" என்றேன். அவர் அதைக் கட்டுக்குள் செருகிவிட்டுக் கால்பந்துக்குத் திரும்பினார்.

பயிற்சி முடிந்து நான் ஊர் வந்தபோது கடிதம் எனக்கு முன்னால் வந்திருந்தது. சித்திரை கடைசியில் விசாரணை. வலங்கைமானுக்கு அப்பாவும் நானும் கிளம்பியபோது, "நானும் வரேன், அப்படியே சந்தையில வெதை வாங்கணும்" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அவள் அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றாள். நாங்கள் உள்ளே போனோம். கோயில் குமாஸ்தா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

தாசில்தார் கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"மேற்படி நிலத்துக்காக மாரிமுத்து என்பவர் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மரக்கால் நெல்கூட அளந்ததில்லை."

அப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. குமாஸ்தா சாய்ந்து உட்கார்ந்தார். படித்தால் கோபம் வரும் என்றாரே, வந்தது. நத்தையைச் சாப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுத்திருக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். தாசில்தார் பக்கத்தைத் திருப்பினார்.

"அவர் எங்கள் வாசலை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். அந்த நிலத்தை உழவைத்து, நட்டு, அறுத்து, தாளடி நெல்லை எங்கள் களத்தில் அளந்தது அவர் மனைவி அஞ்சலை. குறுவை நெல்லை அவர் கோயில் பின்வாசலில் அளந்ததையும் சிறுவயது முதல் என் கண்ணால் கண்டிருக்கிறேன். குத்தகைதாரர் அஞ்சலைதான். எங்கே கேட்டாலும் இதைச் சொல்வேன்."

குமாஸ்தாதான் முதலில் பேசினார்.

"சார், மனு மாரிமுத்து பேருல இருக்கு. இந்தக் கடுதாசியே மாரிமுத்து குத்தகைதாரர் இல்லேங்குது. மனு அடிபட்டுப்போச்சு சார்."

தாசில்தார் அப்பாவைப் பார்த்தார். "என்ன பெரியவரே, இதுல இருக்கறது நெசமா?"

அப்பா அந்த மனுவுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தவர். மேடையில் ஏறி, என் நிலம், என் வேர்வை என்று பேசியவர். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்ல மாட்டாரா என்றும் ஏங்கினேன். இப்போதுகூட எனக்கு எது வேண்டியிருந்தது என்று தெரியாது.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நெசந்தாங்க. நான் ஜெயில்ல இருந்தப்பவும் அவதான் பாத்தா. வெளிய இருந்தப்பவும் அவதான் பாத்தா. மனுவ அவ பேருக்கு மாத்தி எழுதிக்குங்க."

அம்மாவைக் கூப்பிட்டார்கள். விதைக்கு எடுத்துவந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"குறுவை நெல்லு யாருக்கும்மா அளந்தீங்க?"

"கோயிலுக்குங்க. இவரு மாமாதான் அப்ப அங்க குமாஸ்தா. இவரு சாக்குப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு" என்று குமாஸ்தாவைக் காட்டினாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"தாளடி?"

"பண்ணைக்கு."

புது மனு எழுதி, ரேகை வைத்து, பதிவேட்டில் 'அஞ்சலை' என்று ஏறுகிறவரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தோம். பாபநாசம் பேருந்தில் மூன்று பேருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. அம்மா கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஊரு ரொம்பத் தூரமா?"

"ரொம்பத் தூரம்மா. பனிமலை தாண்டிப் போவணும்."

"இதுக்கா அம்மாந்தூரம் போன? யாரு அளந்தான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

அந்தோராவின் இரண்டு இளவரசர்களைப் பற்றி அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் நான் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பேன். அம்மா இதைக் கேட்டபின், பேருந்து பாபநாசம் வந்து சேரும்வரை அப்பாவும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.